சின்சில்லாவுக்கு ஒரு சில்லு



வீட்டில் வளர்க்கும் பிராணிக்கு உணவும் நீரும் உறைவிடமும் அளித்துவிட்டால் நமது கடமை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். ஆனால், ஓடியும் தாவியும் வாழ்வதற்கென்றே அமைந்த உடலைக் கூட்டினுள் அடைத்து வைப்போமாயின், அவ்வுடல் ஓடுவதற்கும் ஒரு வழி செய்து கொடுத்தல் வேண்டும். அவ்வழியைச் செய்து கொடுப்பதிலே தவறு நேருமானால், நன்மையென்று கருதிக் கொடுத்த பொருளே பிராணியின் காலை முறிக்கும்; முதுகை வருத்தும்; சில வேளைகளில் உயிரையும் மாய்க்கும். சின்சில்லா என்னும் சிறு பிராணிக்கு ஓட்டச் சில்லு தெரிந்தெடுக்கும் விஷயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதனையே இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

சின்சில்லா, எலி, அணில் என்பவற்றைப் போலக் கொறித்துண்ணும் விலங்கினத்தைச் சேர்ந்தது. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரே அதன் தாயகம். முயலினதைப் போன்ற மென்மையான உடலும், அணிலினதைப் போன்ற அடர்ந்த வாலும், பெரிய காதுகளும், இருளிலே பார்ப்பதற்கேற்ற அகன்ற கண்களும் உடையது. வளர்ந்த பிராணியின் நிறை பொதுவாக 400 கிராம் முதல் 600 கிராம் வரை இருக்கும். பெண் ஆணிலும் சற்றுப் பெரிது. உடலின் நீளம் ஏறக்குறைய 10 அங்குலம். வால் வேறாக 5, 6 அங்குலம். நன்கு பேணப்படுமாயின் 10 ஆண்டுகள் முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். சின்சில்லாவை வீட்டிற்குக் கொண்டுவருபவர் நீண்டகாலப் பொறுப்பொன்றை ஏற்கிறார் என்பது இதனாற் புலப்படும்.

இப்பிராணியின் உரோமம் உலகப் புகழ் பெற்றது. மனிதரின் தலையில் ஒரு மயிர்க்கண்ணிலிருந்து பெரும்பாலும் ஒரு மயிரே முளைக்கிறது. சின்சில்லாவின் தோலிலோ ஒரே கண்ணிலிருந்து 50க்கு மேற்பட்ட நுண்மயிர்கள் கொத்தாக முளைக்கின்றன. உயர்ந்த மலைகளின் கடுங்குளிரைத் தாங்குவதற்கு இயற்கை அளித்த அந்தப் போர்வையே அதற்குக் கேடாகவும் முடிந்தது. சீமாட்டி ஒருத்தியின் மேலங்கிக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் வேண்டியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலி தேசத்திலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தோல்கள் ஏற்றுமதியாயின. இனமே அற்றுப்போகும் நிலையேற்படவே, சிலி, ஆர்ஜென்டீனா, பொலிவியா, பெரு ஆகிய நாடுகள் 1910 ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்து வேட்டையைத் தடுக்க முயன்றன. 1983 ஆம் ஆண்டில் சிலியின் இல்யாப்பெல் நகருக்கு அண்மையில் சின்சில்லாக்களுக்கென ஒரு தேசிய ஒதுக்கிடம் நிறுவப்பட்டது. எனினும் காட்டிலே வாழும் சின்சில்லாவின் இரு வகைகளும் இன்றும் அழிவின் விளிம்பிலேயே உள்ளன.

வீடுகளில் வளர்க்கப்படும் சின்சில்லாக்களின் வரலாறு வேறு. சிலியிலே சுரங்கப் பொறியியலாளராகக் கடமையாற்றிய மத்தாயஸ் சப்மன் என்னும் அமெரிக்கர், அரிதின் முயன்று சேகரித்த 11 பிராணிகளை 1923 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்றார். மலையுச்சியிலிருந்து சிறிது சிறிதாகக் கீழிறக்கி, தாழ்நிலத்து உஷ்ணத்துக்குப் பழக்கி, கப்பலிலும் பனிக்கட்டியினாற் குளிரூட்டி அவற்றைக் கொண்டு சென்றதாகக் கூறுவர். இன்று மேல்நாட்டு வீடுகளில் உள்ள சின்சில்லாக்களிற் பெரும்பாலானவை அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே. தலைமுறைகள் பல கடந்தும் அவற்றின் உடலமைப்பு மாறவில்லை. பகலிற் பாறையிடுக்கில் உறங்கி, அந்தி மயங்கியதும் வெளிப்பட்டு, இரவு முழுவதும் பாறைக்குப் பாறை தாவித் திரிந்த பிராணியின் கால்களே இன்றும் அதற்கு உள்ளன. பின்னங்கால்கள் நீண்டு வலுத்தவை. மூன்று நான்கு அடி உயரத்தை ஒரே தாவலில் எளிதிற் கடக்கவல்லவை. அத்தகைய பிராணி ஒரு கம்பிக்கூட்டில் இரவைக் கழிக்கும்பொழுதுதான் சில்லு என்னும் சாதனம் நினைவுக்கு வருகிறது.

கூட்டினுள் சுழலும் சில்லு புதியதொரு கண்டுபிடிப்பன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணில்களைப் பிடித்து, சுழலும் உருளைக் கூடுகளில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. நீரிறைக்கவும் ஆலைகளை இயக்கவும் நாம் இன்று பயன்படுத்தும் மின்மோட்டர்களில் ஒரு வகைக்கு 'அணிற்கூடு' என்ற பெயர் வழங்குவதும், அதன் சுழலும் பாகம் அத்தகைய கூட்டை ஒத்திருப்பதனாலேயே. 

சில்லில் ஓடுவது சிறைப்பட்ட பிராணியின் பித்துத்தானே என்று சிலர் ஐயுறலாம். இவ்வையத்தைத் தீர்க்க முயன்றோர் ஒல்லாந்து தேசத்து லைடன் பல்கலைக்கழகத்தினர். யொஹானா மெய்யர், யூரி ரொபர்ஸ் என்னும் இருவர், திறந்த வெளியிலே சில்லுகளை வைத்து, அவற்றை நோக்கியவாறு கமராக்களையும் பொருத்தினர். 2014 ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வின்படி, காட்டெலிகள் தாமாகவே வந்து சில்லில் ஏறி ஓடின. தவளைகளும் ஓடில்லா நத்தைகளுங்கூட அதில் ஏறின. அருகில் வைத்திருந்த உணவை அகற்றிய பின்னரும் எலிகள் வந்து ஓடுவதை நிறுத்தவில்லை. ஆகவே, தன் விருப்பத்தால் ஓடும் சிறு பிராணிக்குச் சில்லு ஒரு கொடுமையாகாது என்று கொள்ளலாம். ஆனால் அந்தச் சில்லு எத்தகையது என்பதே அடுத்த வினா.

முதலாவதாக அளவை நோக்குவோம். கடைகளில் வெள்ளெலிகளுக்கென விற்கப்படும் சில்லுகள் சிறியவை, விலையும் குறைந்தவை. இவை சின்சில்லாவுக்கும் போதுமென்று கருதி வாங்குவோர் உளர். இங்கே ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். 8 அங்குல விட்டமுள்ள சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 25 அங்குலம். 10 அங்குல நீளமுள்ள உடல் அச்சுற்றளவில் ஐந்தில் இரு பங்கை அடைத்துக்கொள்ளும். அவ்வட்டத்தின் வளைவுக்கேற்பத் தலையும் இடுப்பும் மேலே தூக்கப்பட, நடுமுதுகு பள்ளமாகத் தாழும். இயற்கையில் இப்பிராணியின் முதுகு மேல்நோக்கிச் சற்றுக் குவிந்தே இருக்கும். அதனை எதிர்த்திசையில் வளைத்து, ஓரிரவில் பல்லாயிரம் முறை காலெடுத்து வைக்கச் செய்தால் முதுகெலும்பும் தசைகளும் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 15 அங்குல விட்டமுள்ள சில்லின் சுற்றளவோ ஏறக்குறைய 47 அங்குலம். அதே உடல் அதில் ஐந்தில் ஒரு பங்கையே அடைக்கும். கால்களுக்குக் கீழே தரை ஏறத்தாழச் சமமாகவே அமையும். ஆகவே சின்சில்லாவின் சில்லுக்கு 15 அங்குல விட்டமேனும் வேண்டும் என்பது அனுபவமுள்ள வளர்ப்போரின் கருத்து. உடல் பெருத்த பிராணிக்கு 16 அங்குலம் இருப்பின் இன்னும் நன்று. அகலம் 5 அங்குலத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும். இன்றேல் ஓடும்பொழுது பக்கவாட்டிற் கால் வழுவும்.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது ஓடுபரப்பு. மலிவான சில்லுகள் பலவற்றில் ஓடுபரப்பு குறுக்குக் கம்பிகளால், அல்லது வலைக்கம்பியினால் ஆனது. பார்வைக்கு இது காற்றோட்டமும் தூய்மையும் உடையதாகத் தோன்றும். ஆயினும் சின்சில்லாவுக்கு இதனிலும் அபாயகரமானது வேறில்லை. அதன் முழங்காலுக்குக் கீழுள்ள என்பு நீண்டது, மெல்லியது, சுற்றிலும் காப்பாக அமைந்த தசையும் சொற்பம். ஓடும் வேகத்திற் பாதம் இரு கம்பிகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்ள, சில்லு நில்லாது சுழன்றால், அந்த என்பு குச்சி முறிவது போல முறிந்துவிடும். இப்பிராணிகளுக்கு நேரும் என்பு முறிவுகளில் இவ்விடத்து முறிவே சாதாரணமாகக் காணப்படுவது. முறிவைப் பொருத்துதலோ எளிதன்று. சில வேளைகளிற் காலையே அகற்ற நேரிடும். காயம் எதுவும் நேராவிடினும், நாள்தோறும் கம்பிமேல் ஓடுவதால் உள்ளங்காற்றோல் தடித்து வெடித்துப் புண்ணாகும். ஆகையால் ஓடுபரப்பு இடைவெளியற்ற ஒரே தகடாக இருத்தல் வேண்டும். அது மிகவும் வழுவழுப்பாகவும் இராது, நகத்தைத் தேய்க்கும் அளவுக்குச் சொரசொரப்பாகவும் இராது, நடுத்தரமாக அமைதல் நன்று.

மூன்றாவது விஷயம் அச்சு. சில சில்லுகளில் நடுவே குறுக்காக ஓர் அச்சுக் கம்பி செல்லும். தாவும் இயல்புள்ள பிராணி எழும்பும்பொழுது தலையோ முதுகோ அதில் மோதும். வேறு சிலவற்றில், பிராணி நுழையும் பக்கத்திலே ஆரைகள் சுழன்றுகொண்டிருக்க, அவற்றைத் தாங்கும் சட்டம் அசையாது நிற்கும். பிராணி வெளிவரும் வேளையில், அல்லது மற்றொன்று உள்ளே எட்டிப் பார்க்கும் வேளையில், சுழலும் ஆரைக்கும் அசையாச் சட்டத்துக்கும் இடையிலே கழுத்தோ காலோ சிக்குமாயின் கத்தரியின் இரு அலகுகளுக்கிடையே அகப்பட்டது போலாகும். ஒரு பக்கம் முற்றாக மூடப்பட்டு, அப்பக்கத்திலேயே அச்சும் தாங்கியும் பொருத்தப்பட்டு, மறுபக்கம் தடையின்றித் திறந்திருக்கும் சில்லே சிறந்தது. வால் சிக்குவதற்கும் அதில் இடமில்லை.

நான்காவதாக, சில்லு எப்பொருளால் ஆனது என்று பார்த்தல் வேண்டும். சின்சில்லாவின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆதலால் எதையும் கொறித்துப் பார்ப்பது அதன் இயல்பு. பிளாஸ்ரிக் சில்லை அது சில நாட்களிற் கரம்பித் துண்டாக்கிவிடும். விழுங்கிய துண்டுகள் குடலை அடைக்கும். இப்பிராணி வாந்தியெடுக்கும் ஆற்றல் அற்றது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். உட்சென்றது திரும்பி வராது. எனவே அலுமினியம், துருப்பிடியா உருக்கு என்பவற்றால் ஆன சில்லே நெடுநாள் உழைக்கும். மரத்தாலான சில்லும் தகும். ஆயின் அது நன்கு உலர்த்திய பைன் போன்ற மரமாக, வர்ணமோ வார்னிஷோ பூசப்படாததாக இருத்தல் வேண்டும். வாசனை எண்ணெய் மிகுந்த சீடர் மரம் ஆகாது. மரச்சில்லு கொறிக்கப்பட்டுத் தேயும், சிறுநீரையும் உறிஞ்சும், ஆகவே காலத்துக்குக் காலம் மாற்றவேண்டிவரும். உலோகச் சில்லின் முதற்செலவு அதிகமாயினும், பத்தாண்டுக்கு மேல் வாழும் பிராணிக்கு அதுவே ஈற்றிற் சிக்கனமாகும்.

ஐந்தாவது, சில்லைத் தாங்கும் முறை. அரைக் கிலோகிராம் நிறையுள்ள பிராணி வேகமாக ஓடித் திடீரெனத் தாவும்பொழுது சில்லின் மீது விழும் விசை சிறிதன்று. நிலத்தில் நிற்கும் சில்லாயின் அதன் அடித்தளம் பாரமானதாகவும் அகன்றதாகவும் இருத்தல் வேண்டும். கூட்டின் சுவரிற் பொருத்தப்படும் சில்லாயின் திருகாணிகள் இறுக்கமாக இருத்தல் வேண்டும். சில்லுக்கும் சுவருக்கும் இடையே பாதம் நுழையும் இடைவெளி இருத்தலாகாது. அச்சிலே குண்டுகள் அடங்கிய மூடிய பெயாரிங் பொருத்தப்பட்டிருந்தால் சில்லு ஓசையின்றிச் சுழலும். இது பிராணியிலும் பார்க்க வீட்டாருக்கே பெரும் நன்மை. நள்ளிரவிலே கிறீச்சிடும் சில்லின் ஒலி பொறுக்கமாட்டாது பிராணியைக் கைவிட்டோரும் உளர். வாங்குமுன் சில்லைக் கையாற் சுழற்றிக் காதாற் கேட்டறிதல் தகும்.

சில்லுக்குப் பதிலாகச் சாய்ந்த வட்டத்தட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றில் சிக்கிக்கொள்ளும் இடைவெளி இல்லை. கூட்டினுள் உயரமும் குறைவாகவே தேவைப்படும். ஆயினும் தட்டு சிறிதாயின், பிராணி எந்நேரமும் ஒரு பக்கமாகவே உடலை வளைத்து ஓட நேரும். ஆகவே தட்டுக்கும் 15 அங்குலம் என்ற அளவு பொருந்தும். பிராணியை உள்ளே வைத்து மூடி, நிலத்தில் உருளவிடும் பிளாஸ்ரிக் கோளங்களையோ சின்சில்லாவுக்கு ஒருபோதும் கொடுத்தலாகாது. அடர்ந்த உரோமம் போர்த்த உடல் காற்றோட்டமற்ற அக்கோளத்தினுள் விரைவிற் சூடேறும். விரும்பியபோது நிற்கவோ இறங்கவோ அதற்கு வழியுமில்லை.

தகுந்த சில்லைத் தெரிந்தபின், அதனை உபயோகிக்கும் முறையும் அறியத்தக்கது. ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளுக்குச் சில்லு வேண்டாம் என்பது வளர்ப்போரிற் பலரின் கருத்து. வளரும் உடலின் சக்தி ஓட்டத்திலே செலவாகிவிடும். தாய் சின்சில்லா ஏறக்குறைய 111 நாட்கள் கருவைச் சுமக்கும். அவ்வளவு நீண்டகாலம் வயிற்றிலிருந்த காரணத்தால் குட்டிகள் கண் திறந்து, உரோமத்துடன் பிறந்து, சில மணி நேரத்திலேயே ஓடித் திரியத் தொடங்கும். தாய் ஓடும் சில்லினுள் அவை புகுந்தால் நசுங்கிப்போகும். ஆதலாற் பிரசவ காலத்திற் சில்லைக் கூட்டிலிருந்து அகற்றிவிடுதல் வேண்டும். இரு பிராணிகள் ஒரே சில்லிற் சேர்ந்து ஓடுவதும் ஆபத்தே. ஒன்று நிற்க மற்றது ஓடினால் நின்றது தூக்கி எறியப்படும். சில்லுக்காக அவை சண்டையிடுமாயின் இரண்டாவது சில்லொன்றைப் பொருத்துதல் நன்று.

புதிய சில்லிலே பிராணியைப் பிடித்து ஏற்றிச் சுழற்றிக் காட்டுதல் தவறு. அச்சமுற்ற சின்சில்லா பிடித்த கையிலே உரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிட்டுத் தப்பியோடும். பின்பு பல நாட்களுக்குச் சில்லை அணுகாது. வைத்த இடத்தில் விட்டுவிட்டால் அது தானாகவே முகர்ந்து பார்த்து, ஏறி இறங்கிப் பழகிக்கொள்ளும். சில பிராணிகள் மட்டுமீறி ஓடும் பழக்கத்துக்கு உள்ளாகும். வாரத்துக்கு ஒருமுறை தராசில் நிறுத்து, கிராம் கணக்கைக் குறித்து வைத்தால் அது தெரியவரும். நிறை தொடர்ந்து குறையுமாயின் சில்லைச் சில மணி நேரம் மட்டுமே அனுமதித்தலும், மிருக வைத்தியரை நாடுதலும் அவசியமாகும். பகைவிலங்குகளுக்கு இரையாகும் பிராணிகள் தம் நோயை மறைக்கும் இயல்புடையவை. வலியால் வாடும்பொழுதும் வெளிக்காட்டா. ஆகவே நிறையையும், நடையையும், உள்ளங்கால்களையும் நாமே பார்த்தறிய வேண்டும். சில்லை வாரந்தோறும் நீரும் வெள்ளை வினாகிரியும் கலந்து துடைத்து உலர்த்தி, திருகாணிகளையும் ஓரங்களையும் சோதித்தல் நலம்.

வெப்பத்தைப் பற்றியும் கூறாது விடுதல் இயலாது. சின்சில்லாவுக்கு உகந்த உஷ்ணநிலை 10 முதல் 20 பாகை செல்சியஸ் வரையாகும். 25 பாகையைக் கடந்தால் அபாயம் தொடங்கும். காதுகள் செந்நிறமடைந்து உடல் சோர்ந்து கிடத்தல் அதற்கு அறிகுறி. ஓட்டத்தால் உடல் மேலும் சூடேறும் ஆதலின், வெப்பமான இரவிற் சில்லை நிறுத்திவைத்தல் கடமை. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பகல் வெப்பம் 30 பாகையை எட்டுவது சாதாரணம். குளிரூட்டி இராப்பகலாக இயங்கும் அறையொன்று இல்லாதவிடத்து இப்பிராணி அங்கே வாழ்வது துன்பமாகவே முடியும். எனவே இதனை இங்கே வாங்கி வளர்க்குமாறு தூண்டுவது இப்பேச்சின் நோக்கமன்று. குளிர் நாடுகளில் வாழும் உற்றார் வீடுகளிலே இதனைக் காணும் நேயர்களுக்கும், வெள்ளெலி முதலிய வேறு சிறு பிராணிகளைப் பேணும் சிறுவர்களின் பெற்றோருக்கும் இங்கு கூறியவை பயன்படும். பிராணி எதுவாயினும் விதி ஒன்றே: சில்லில் ஓடும்பொழுது அதன் முதுகு பின்னோக்கி வளையலாகாது, அதன் கால் நுழையக்கூடிய இடைவெளி எங்கும் இருத்தலாகாது.

இறுதியாக ஒன்று. எவ்வளவு சிறந்த சில்லாயினும் அது விசாலமான கூட்டுக்கும், தாவி ஏறும் மரப்படிகளுக்கும், உலர்ந்த புல்லுக்கும், நுண்ணிய மண்ணிலே புரண்டு குளிக்கும் வாய்ப்புக்கும், நாள்தோறும் வெளியில் உலாவவிடும் ஒரு மணி நேரத்துக்கும் ஈடாகாது. மனிதரின் ஆடையலங்கார ஆசையால் மலைகளில் ஏறத்தாழ அற்றுப்போன இனமொன்றின் வழித்தோன்றல் அது. அதனை வேடிக்கைப் பொருளாகக் கருதாது, அதன் உடலின் இயல்பறிந்து பேணுதல் முறை. கடையிற் சில்லின் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னர், ஓர் அளவுகோலை எடுத்து அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின், பிராணி ஓடும்பொழுது பக்கத்தில் நின்று அதன் முதுகைப் பாருங்கள். முதுகு நேராக இருந்தால் நீங்கள் தெரிந்தெடுத்த சில்லு அளவிற் பொருந்தியது. வளைந்திருந்தால் அதனை அன்றே அகற்றிவிடுங்கள்.